தொண்ணூற்றேழு புள்ளி வாங்கிய உடுப்பு

சமாதானம் வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். சோதிலிங்கத்துக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஒரு சிக்கல். பதினாறு வருடமாக ஊருக்குப் போகாமல் இருந்ததற்கு அவர் சொல்லிவந்த காரணத்தை அது கெடுத்துவிட்டது.

அவருடைய காரணங்கள் சாதாரணமானவை அல்ல. முதலில் விசா இல்லை என்றார். அது உண்மை. பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டு என்றார். அதுவும் உண்மை. பிறகு சண்டை என்றார். தாய் செத்த வருடம் மூன்றும் ஒன்றாக உண்மையாக இருந்தன. இப்போது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. கையில் நோர்வேயின் சிவப்புப் பாஸ்போட் இருந்தது. பாதையும் திறந்துவிட்டது. ஒஸ்லோவில், ஸ்டோவ்னரில் அவர் குடியிருந்த மாடியிலேயே அடுத்த கதவுக்காரர் இரண்டு தரம் போய்வந்து, வந்த கையோடு முருங்கைக்காயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். முருங்கைக்காயை வாங்கி வைத்துக்கொண்டு பாதை சரியில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் அவர் கொக்குவிலுக்குப் போன் எடுப்பார். தங்கச்சி தங்கேஸ்வரிதான் எடுப்பாள். தகப்பனுக்கு எண்பத்துநாலு வயது. இரண்டு கண்ணும் போய்விட்டன, காதும் மந்தம். தாயைக் கடைசிவரைக்கும் பார்த்தவளும் அவள்தான், இப்போது தகப்பனைப் பார்க்கிறவளும் அவள்தான். அவள் ஒருநாளும் சோதிலிங்கத்தை ஏசியதில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தொல்லை. ஏசினால் பதிலுக்கு ஏசலாம், கோபித்துக்கொண்டு ஒரு மாதம் போன் எடுக்காமல் விடலாம். ஏசாதவளை என்ன செய்வது?

“அப்பா நேற்றும் கேட்டவர் அண்ணை. நீங்கள் எப்ப வாறியள் எண்டு.”

“கோடை லீவுக்கு வாறன் எண்டு சொல்லு.”

“எந்தக் கோடை எண்டு கேட்டால்?”

நக்கலாகக் கேட்கவில்லை. தகப்பனுக்குச் சரியாகச் சொல்லவேண்டுமே என்றுதான் கேட்டாள். சோதிலிங்கம் போனை வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார்.

அன்று பின்னேரமே அவருடைய மனைவி சிவநாயகி அவரைக் கேட்காமல் பெயரைப் பதிந்துவிட்டாள். “எனக்கு வயோதிபர் இல்லத்து வேலையிலை இந்தக் கோடை லீவு தரமாட்டினம். நீங்கள் முதல் போய் மாமாவைப் பாருங்கோ. நானும் பிள்ளையும் மார்கழிக்கு வாறம்” என்றாள். பதிந்த இடம் ‘ஒஸ்லோ வாழ் தமிழர் தாயகப் பயண ஒன்றியம்’.

ஒன்றியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இருபது பேர் கூட்டாகப் போனால் ஆளுக்குப் பத்துக் கிலோ கூடக் கொண்டுபோகலாம் என்று விமானக் கம்பனியோடு பேசி முடித்தவர்கள் அவர்கள். பத்துக் கிலோவை வேண்டாமென்று சொல்லும் தமிழன் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே ஒஸ்லோவில் ஊருக்குப் போகிற எல்லோருடைய விமான ரிக்கற்றும் ஒன்றியத் தலைவர் அருட்பிரகாசத்தின் கறுப்புப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. உள்ளே போன ரிக்கற் வெளியே வரவேண்டுமானால் ஒரு சான்றிதழ் வேண்டும். உடைச் சான்றிதழ்.

இதற்கும் ஒரு காரணம் இருந்தது. போன வருடம் ட்வெய்ட்டாவிலிருந்து போன ஒருவர் அரைக்காற்சட்டையும் காலுறைக்கு மேல் செருப்புமாகக் கோயில் தேர்முட்டியில் நின்றிருக்கிறார். லில்லெஸ்ட்ரோமிலிருந்து போன இன்னொருவர், வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்று தெரியவேண்டுமே என்று, இறகு அடைத்த குளிர்ச்சட்டையை வவுனியா வரைக்கும் கழற்றாமல் போய், அங்கே மயங்கி விழுந்து, செவ்விளநீர் கொடுத்து எழுப்பப்பட்டிருக்கிறார். ஊரில் சிரித்தார்கள் என்று ஒஸ்லோவுக்கு மூன்று போன் வந்தது. மூன்று போன் வந்தால் ஒரு குழு அமைப்பது நம்மவர் வழக்கம். அப்படி உண்டானதுதான் ‘பயண உடை நெறிப்படுத்தல் உபகுழு’.

விதி எளிமையானது. நாகரிகத்துக்கு ஐம்பது புள்ளி, வசதிக்கு ஐம்பது புள்ளி. தொண்ணூறு எடுத்தால் ரிக்கற். விண்ணப்பம் மூன்று பிரதி. அதில் பதினொராவது கேள்வி இப்படி இருந்தது: ‘விமானத்தால் இறங்கும்போது உங்கள் உடை எதனை வெளிப்படுத்த வேண்டும்? (அ) வெற்றி (ஆ) பணிவு (இ) வெற்றியோடு கூடிய பணிவு.’ சோதிலிங்கம் நெடுநேரம் யோசித்தார். மன்னிப்பு என்று ஒரு தெரிவு இருந்தால் போட்டிருப்பார். இல்லாதபடியால் ‘இ’ என்று போட்டார்.

உபகுழு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தின் தச்சு வேலை அறையில் கூடும். வாடகை இல்லாத அறை அது ஒன்றுதான். மரத்தூளும் பசையும் மணக்கும். நீண்ட வாங்குப் பலகைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் அருட்பிரகாசம். வலப்பக்கம் செயலாளர் சூசைரட்ணம், யார் தும்மினாலும் அறிக்கைக் கொப்பியில் எழுதுகிறவர். இடப்பக்கம் உடை நிபுணர் இராசதுரை. இவர் எண்பத்தெட்டில் டிராம்மனில் ஓர் உலர்சலவைக் கடையில் மூன்று கிழமை வேலை செய்தவர். சோதிலிங்கமோ ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதின்மூன்று வருடமாகத் துணி மடிக்கிறவர். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை.

முதல் தரம் அவர் கோட்சூட்டோடு போனார். இராசதுரை சுற்றிவந்து பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார்.

“நாகரிகம் நாற்பத்தெட்டு” என்றார். “வசதி பூச்சியம். இதோடை ஒரு வாளி தண்ணி அள்ள ஏலுமே?”

“நான் அப்பாவைப் பாக்கத்தானே போறன்…”

“பாக்கப் போற இடத்திலை கிணறு இருக்குதல்லோ.”

சூசைரட்ணம் எழுதினார்: ‘கிணறு உண்டு என்பதைப் பயணி மறுக்கவில்லை.’

சோதிலிங்கம் வெளியே வந்தார். ஏமாற்றமாக இருக்கவேண்டிய இடத்தில் நெஞ்சுக்குள் ஏதோ இலேசாகி இருந்தது. நிலக்கீழ் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது என்னவென்று விளங்கியது. நிம்மதி. விளங்கியதும் அவருக்குத் தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இரண்டாம் தரம் மகள் யாழ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் பதினைந்து வயது. “இது தூர்புக்ஸ அப்பா, மலை ஏறுறவை போடுறது” என்று ஒரு காற்சட்டையை எடுத்துத் தந்தாள். பதினொரு பொக்கற். முழங்காலுக்குக் கீழே ஒரு சிப், இழுத்தால் கால்பகுதி தனியே கழன்றுவரும். சோதிலிங்கத்துக்கு அது நன்றாகவே பிடித்துக்கொண்டது. பாஸ்போட் ஒரு பொக்கற்றில், மருந்து ஒரு பொக்கற்றில், தங்கச்சி கேட்ட கண்ணாடிக்கூடு ஒரு பொக்கற்றில்.

அன்றைய கூட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தது. பாதிக் காலைக் கழற்றியபின் அந்த உடுப்பு அதே உடுப்புத்தானா, அல்லது வேறொரு விண்ணப்பம் தேவையா என்பது முதல் பிரச்சினை. கழன்ற கால்பகுதி கைப்பொதியா, அணிந்த உடையா என்பது இரண்டாவது. முடிவில் அருட்பிரகாசம் எழுந்து நின்று பேசினார். மூன்று பேருக்கு முன்னால் பேசினாலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார்.

“சோதிலிங்கம், நீர் குறை நினைக்கக்கூடாது. ஊரிலை இருக்கிற சனம் எங்களை என்னெண்டு நினைச்சுக்கொண்டிருக்குது? நாங்கள் இஞ்சை நிமிர்ந்து நிக்கிறம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது. அந்த நினைப்பை நாங்கள் இருபது வருசமாய்ப் படம் பிடிச்சுப் பிடிச்சு அனுப்பி வளத்தனாங்கள். நீர் பாதியிலை கழருற காற்சட்டையோடை போய் நிண்டால் அந்தச் சனம் என்ன நினைக்கும்? மிச்சப் பாதியும் இப்பிடித்தானோ எண்டு யோசிக்காதே? அவையை யோசிக்க விடக்கூடாது, ஐஸே. அதுக்குத்தான் இந்த உபகுழு.”

வசதி ஐம்பது, நாகரிகம் நான்கு. நிராகரிப்பு. சோதிலிங்கத்துக்கு மறுபடியும் நெஞ்சு இலேசாகியது. மறுபடியும் தன்மேல் வெறுப்பு வந்தது. ஞாயிறு தங்கச்சியிடம், “உடுப்புப் பிரச்சினையாம், குழு விடுகுதில்லை” என்றார்.

“என்ன உடுப்பு அண்ணை?” என்று அவள் கேட்டாள். “அப்பாவுக்குக் கண் தெரியாதல்லே?”

சோதிலிங்கம் போன் கார்ட் முடிகிறது என்று பொய் சொன்னார். கார்டில் நாற்பது நிமிடம் கிடந்தது.

மூன்றாம் தரம் அவர் கெட்டித்தனமாக நடந்தார். நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில், கசங்காத பருத்தியில் ஒரு முழுக்கைச் சேட். இலேசான காற்சட்டை, கால் கழலாதது, ஆனால் உள்பக்கமாக இரண்டு மறைவான பொக்கற் வைத்தது. மடித்துப் பிழிந்து உதறினாலும் மடிப்பு விழாது. பதின்மூன்று வருடம் துணியோடு கிடந்த மனிதர், நல்ல துணியைக் கையால் தடவியே கண்டுபிடித்துவிட்டார். இராசதுரை அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதபடியால் செயல்முறைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முதலாவது வெக்கைச் சோதனை. ஒஸ்லோவில் யாழ்ப்பாணத்து வெக்கைக்கு எங்கே போவது? உபகுழு நீச்சல் மண்டபத்தின் நீராவி அறையைத் தெரிவு செய்தது. சோதிலிங்கம் முழு உடுப்போடும், கையில் ஒரு சூட்கேசோடும் உள்ளே போய் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இராசதுரை மணிக்கூட்டோடு நின்றார். உள்ளே துவாய் மட்டும் கட்டிய இரண்டு நோர்வேஜியக் கிழவர்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள். கால்மணி நேரம் ஓடியது. பிறகு ஒருவர் தம் மொழியில் மெல்லக் கேட்டார், “பயணமோ?”

“ஓம். தகப்பனிடம்.”

“எப்போது?”

“இந்த உடுப்புப் பாசானால்.”

கிழவர் கொஞ்சம் யோசித்தார். “சரியான உடுப்பு முக்கியம்தான்” என்று தலையாட்டினார். அந்த நாட்டில் அதை மறுக்கிற ஆள் கிடையாது. இறங்கிப் போகும்போது, “தகப்பனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்” என்றார். சோதிலிங்கத்துக்கு வியர்வையோடு வியர்வையாகக் கண்ணும் எரிந்தது.

இரண்டாவது குலுக்கற் சோதனை. தச்சு அறையில் ஒரு கதிரையில் அவரை இருத்தி, ஊருக்குப் போகும் பாதையில் ஓமந்தையிலிருந்து முகமாலை வரைக்குமான பள்ளந்திட்டியை மனதில் வைத்து, இரண்டு பேர் அரைமணி நேரம் கதிரையை உலுப்பினார்கள். சேட் கசங்கவில்லை. சோதிலிங்கத்தின் முதுகு பிடித்துக்கொண்டது. முதுகைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

மூன்றாவது, பதினாலாம் விதியின்படி, கட்டிப்பிடித்து அழுதற் சோதனை. ஊரில் இறங்கியதும் உறவுக்காரர் தோளில் விழுந்து அழுவார்கள். கண்ணீர் பட்ட இடத்தில் கறை பிடித்தால் பிறகு அந்தச் சேட்டோடு படம் எடுக்க முடியாது. ஆகவே சோதித்துப் பார்க்கவேண்டும். உறவுக்காரராக நடிப்பவர் சூசைரட்ணம். பள்ளிக்கூடத்து நாடகங்களில் பெண் வேஷம் கட்டியவர், அதிலே அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தோளில் ஒரு துவாயைச் சேலைத் தலைப்பாகப் போட்டுக்கொண்டார். கையில் அச்சடித்த வசனத்தாள்.

“தாய் இருக்கிறாவோ?” என்று கேட்டார்.

“இல்லை.”

“சரி, அப்ப ‘ஆ’ பகுதி.” தொண்டையைச் செருமினார். பிறகு ஓடிவந்து சோதிலிங்கத்தின் தோளில் விழுந்தார். “அண்ணை! வந்திட்டியளே அண்ணை! எத்தினை வருசம் அண்ணை! அம்மா கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டவ. வாசல் கதவைச் சாத்த விடேல்லை. என்ரை பிள்ளை வருவான், திறந்து விடு, திறந்து விடு எண்டு…”

அது எல்லோருக்கும் பொதுவாக எழுதிய வசனம். சூசைரட்ணத்துக்குச் சோதிலிங்கத்தின் வீட்டுக் கதை தெரியாது. ஆனால் சோதிலிங்கம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். எட்டு வருடத்துக்கு முன், தாய் செத்தபோது, அழுதிருக்கவேண்டிய அழுகை அது. அப்போது இரவு வேலை என்று போய் ஆயிரம் வெள்ளைத் துணியை மடித்துவிட்டு வந்தவர் அவர். சூசைரட்ணம் தாளைக் கீழே விட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் முதுகைத் தட்டினார்.

இராசதுரை கிட்ட வந்தார். சேட்டின் தோள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

“ஏழு நிமிசத்திலை காயுது. கறை இல்லை. முழுப்புள்ளி.”

“ஆனால் இது பயணியின்ரை கண்ணீர். உறவினரின்ரை கண்ணீருக்குத்தான் விதி இருக்கு” என்றார் அருட்பிரகாசம்.

கொஞ்சநேரம் வாதாடினார்கள். கண்ணீர் கண்ணீர்தான் என்று முடிவாயிற்று. சூசைரட்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பியில் எழுதினார்: ‘பயணி அழுதார். துணி தாங்கியது.’

அடுத்த சனிக்கிழமை முடிவு. தொண்ணூற்றேழு புள்ளி. ஒன்றியம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு புள்ளியை யாரும் வாங்கியதில்லை. கொலர் கொஞ்சம் அகலம் என்று மூன்று புள்ளி குறைத்திருந்தார்கள். அருட்பிரகாசம் கறுப்புப் பெட்டியைத் திறந்து, ரிக்கற்றை எடுத்து வாங்கின்மேல் வைத்தார். பயணம் பதினொரு நாளில்.

சோதிலிங்கம் ரிக்கற்றைப் பார்த்தார். பதினொரு நாளில் அந்த வாசலில் நிற்கவேண்டும். தங்கேஸ்வரியின் முகத்தைப் பார்க்கவேண்டும். அவள் ஏசமாட்டாள். தேத்தண்ணி கொண்டுவந்து தருவாள். தாயை எரித்த இடத்தைக் காட்டுவாள். தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பார்.

“ஊரிலை இப்ப வெக்கை எப்பிடி?” என்று நேரத்தைக் கடத்தக் கேட்டார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நாங்கள் ஒருத்தரும் இன்னும் போகேல்லை” என்றார் அருட்பிரகாசம். “போட்டி நடத்துறவன் போட்டியிலை ஓடக்கூடாது, ஐஸே. எனக்கும் அங்கை ஒரு அக்கா இருக்கிறா. ஒவ்வொரு வருசமும் வெளிக்கிடுறன். பொறுப்பு விடுகுதில்லை. நீங்கள் எல்லாரும் ஒழுங்காய்ப் போய்ச் சேரவேணுமே. இராசதுரையும் அப்பிடித்தான். சூசையும் அப்பிடித்தான். நாங்கள் எங்களைத் தியாகம் செய்துகொண்டிருக்கிறம்.”

சொல்லும்போது அவருடைய கை பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடியது. சோதிலிங்கம் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்தான் அது.

அருட்பிரகாசம் தொண்டையைச் செருமினார். “விதிப்படி கேக்கவேணும். இந்தச் சான்றிதழுக்கு ஆருக்கும் ஆட்சேபனை உண்டோ?”

ஆட்சேபிக்கும் உரிமை பயணிக்கும் உண்டு என்று விதியில் எழுதியிருந்தது. எழுதியவர்கள் யாரும் அதைப் பாவிப்பார்கள் என்று நினைக்கவில்லை. சோதிலிங்கம் கையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் தூக்கியது அவருக்கே தெரிந்தது.

“சப்பாத்து ஒருத்தரும் பாக்கேல்லை” என்றார்.

மூவரும் வாங்குக்கு மேலால் எட்டி அவருடைய காலைப் பார்த்தார்கள். இராசதுரை விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். சப்பாத்து என்ற சொல்லே அதில் இல்லை.

“ஐயோ” என்றார் அருட்பிரகாசம். அவருடைய கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில். “இப்பிடி ஒரு ஆளைத்தான் நாங்கள் இவ்வளவு நாளும் தேடினனாங்கள்.”

கால்மணி நேரத்தில் ‘காலணி உபகுழு’ உண்டாயிற்று. அமைப்பாளர் சோதிலிங்கம். அறிக்கை ஆறு மாதத்தில். அதுவரைக்கும் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவர்கள் போகலாம். அமைப்பாளர் தன் சப்பாத்துக்குத் தானே தீர்ப்புச் சொல்ல முடியாதபடியால் அவருடைய பயணம் மட்டும் ஒத்திவைப்பு. கைதட்டினார்கள். ரிக்கற் மறுபடியும் பெட்டிக்குள் போனது.

வீட்டில் சிவநாயகியிடம், “குழு பின்போட்டிட்டுது” என்றார். அவள் அதை நம்பிக் குழுவைத் திட்டினாள், தலைவரைத் திட்டினாள், அவருக்குப் பாவம் பார்த்து மீன் பொரித்துக் கொடுத்தாள். அவர் அதை மகளின் தட்டுக்குத் தள்ளிவிட்டார்.

நான்காம் நாள் தபாலில் கூட்ட அறிக்கை வந்தது, மூன்று பிரதி. சூசைரட்ணம் ஒன்றையும் விடுகிறவர் அல்லவே. சிவநாயகி நின்றபடியே வாசித்தாள். ‘ஆட்சேபனை தெரிவித்தவர்: திரு. சோதிலிங்கம், பயணி.’ இரண்டாம் பிரதியையும் வாசித்தாள், ஒருவேளை அதில் வேறு மாதிரி இருக்குமோ என்று. யாழ் தாயின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, நீங்கள் ஃபைக்” என்றாள்.

நோர்வேஜியத்தில் கோழைக்கு அவ்வளவு சின்னச் சொல். சிவநாயகி மேசையில் துணி விரித்து, அந்தத் தொண்ணூற்றேழு புள்ளிச் சேட்டையும் காற்சட்டையையும் அழுத்தினாள். கசங்காத துணியை அழுத்தத் தேவையில்லை. ஆனாலும் நெடுநேரம் அழுத்தினாள்.

“ஆள் போகாட்டில் உடுப்பாவது போகட்டும்” என்றாள். “மாமாவுக்குக் குடுக்கச் சொல்லி, இந்தக் கூட்டத்தோடை போற சபாரத்தினத்திட்டைக் குடுத்துவிடுங்கோ. உங்கடை அளவுதானே அவருக்கும்.”

பயண நாளன்று கார்டெர்மூன் விமான நிலையத்தில் காலணி உபகுழுவின் முதலாவது உத்தியோகபூர்வ நிகழ்ச்சி நடந்தது. சோதிலிங்கம் வழவழத்த தரையில் முழங்காலில் இருந்து, பத்தொன்பது பேருடைய சப்பாத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கயிறு இழுத்துப் பார்த்தார், குதியைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் நின்றவர் சபாரத்தினம், ட்வெய்ட்டாவில் பஸ் ஓட்டுகிறவர். கையில் சிவநாயகி கட்டிய உடுப்புப் பாசல்.

“அண்ணை” என்றார் சபாரத்தினம் மெல்லக் குனிந்து. “உங்கடை சீட் சும்மாதானே கிடக்கு. ரிக்கற்றும் தலைவரின்ரை பெட்டியுக்கைதான் கிடக்கு. நான் கேட்டு வாங்கித் தாறன். வாங்கோவன்.”

சோதிலிங்கத்தின் சட்டைப்பைக்குள் பாஸ்போட் இருந்தது. ஏன் கொண்டுவந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அருட்பிரகாசம் பத்தடி தூரத்தில் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். கேட்டால் கொடுத்திருப்பார். இரண்டு பேருக்கும் அது தெரியும். சோதிலிங்கம் முழங்காலில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் வரிசையில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

“அறிக்கை முடியேல்லை” என்றார்.

சபாரத்தினத்தின் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்தது. சோதிலிங்கம் அதை இறுக்கிக் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு போன் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு சிவநாயகி ரிசீவரை எடுத்து, எண்ணை அழுத்தி, அவருடைய கையில் வைத்துவிட்டு அப்பால் போனாள்.

“அண்ணை” என்றாள் தங்கேஸ்வரி. குரலில் என்னவோ ஒரு மாற்றம். “சபாரத்தினம் அண்ணை முந்தநாள் வந்து பாசலைத் தந்திட்டுப் போனவர்.”

“அளவாய் இருக்குதோ?”

“இன்னும் போட்டுப் பாக்கேல்லை. நான் சேட்டை விரிச்சு அப்பாவின்ரை மடியிலை வைச்சு, அண்ணை அனுப்பினது எண்டு சொன்னனான். அவருக்குக் காது கேக்காதல்லே. அண்ணை எண்டது மட்டும்தான் கேட்டிருக்கு. அந்தக் கையைப் பிடிச்சவர் விடுகிறாரில்லை.”

“எந்தக் கையை?”

“சேட்டின்ரை கையை. தடவிப் பாத்திட்டு, நல்லாய் மெலிஞ்சுபோனான், அங்கை சாப்பாடு சரியில்லைப் போலை எண்டு சொல்லுறார். இரவு பக்கத்திலைதான் போட்டுக்கொண்டு படுத்தவர். நான் அது நீங்கள் இல்லை எண்டு சொல்லப் போனனான் அண்ணை. வாய் வரேல்லை. இரண்டு நாளாய் ஒழுங்காய்ச் சாப்பிடுறார்.”

சோதிலிங்கம் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த முனையில் தகப்பன் ஏதோ கேட்கிற சத்தம் வந்தது. பதினாறு வருடமாகக் கேளாத குரல். சொல் விளங்கவில்லை.

“என்னவாம்?” என்றார்.

“உங்களிட்டைத்தான் கேக்கிறார். பயணம் எல்லாம் சுகமோ எண்டு.” அவளுடைய மூச்சு போனில் கேட்டது. “நான் என்ன சொல்ல அண்ணை?”

நான் வாறன் என்று சொல்லலாம். நாளைக்கே வாறன் என்று சொல்லலாம். தொண்டைவரைக்கும் வந்தது.

“சுகம் எண்டு சொல்லு” என்றார்.

தங்கேஸ்வரி ரிசீவரைக் கையால் பொத்தாமலே அந்தப் பக்கம் திரும்பி, காது மந்தமானவருக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்.

“பயணம் சுகமாம் அப்பா!”